இன்னொருவர் கை பட்ட படங்கள்

அத்தியாயம் 14

விடாமல் படித்து வருகிறவர்கள் இந்த முதல் பத்திகளைத் தாண்டிக்கொண்டு போகலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். புதிதாக வந்தவர்களை மட்டும் வாசலில் நிற்க வைத்துப் பேசுவது மரியாதை இல்லையல்லவா? அவர்களுக்காகக் கொஞ்சம்.

இது ஒரு போட்டோ ஸ்டூடியோக் குடும்பம். கீழே முன்பக்கம் கடை. பின்பக்கம் தம்பியும் அவன் மனைவியும். மாடியில் ஒற்றை அறை, அதில் அக்கா. தம்பி கல்யாணங்களைப் படம் பிடித்து வருவான். அக்கா அவற்றைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெளிச்சம் கூட்டி, வியர்வை துடைத்து, ஓரத்தில் நுழைந்த யாரோ ஒருவரின் முழங்கையை வெட்டி எறிந்து, ஆல்பத்துக்குத் தயார் செய்வாள். கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் அவள் 'மாடியக்கா'. அவளை நேரில் பார்த்தவர்கள் குறைவு. கல்யாணம் வேண்டாம் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அடுத்தவர் கல்யாணங்களைத் திருத்திக்கொண்டிருந்ததில் அந்தப் பேச்சு எப்படியோ நின்றுபோனது, யாரும் திரும்ப எடுக்கவில்லை.

தம்பி மனைவிக்கும் ஒரு பெயர் உண்டு. கல்யாணத்துக்கு முன் மருந்துக் கடையில் வேலை பார்த்தவள் என்பதால் அவன் அவளை 'மருந்துக்காரி' என்றுதான் கூப்பிடுவான். இப்போது ஸ்டூடியோ கவுன்டரில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை வெட்டிக் கொடுக்கிறாள். அதிகம் பேசமாட்டாள்.

அக்கா தம்பிக்குள் பேச்சு நின்ற கதையும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு மணப்பெண்ணின் கன்னத்தில் பெரிய மச்சம். நல்லது செய்வதாக நினைத்து மாடியக்கா அதை அழித்துவிட்டாள். ஆல்பத்தைத் திறந்த பெண், இது நான் இல்லையே என்று கடையிலேயே அழுதாள். தம்பிக்கு மூக்குக்கு மேல் கோபம். அத்தனை பேர் முன்னால் மாடிப்படியைப் பார்த்துச் சத்தம் போட்டான்.

"ரூமுக்குள்ளயே அடைஞ்சு கெடந்தா மனுஷங்க முகம் எப்படி இருக்கும்னே மறந்துதான் போகும்."

படியில் நின்றிருந்தவள் அதைக் கேட்டுவிட்டுத் திரும்பி மேலே ஏறினாள். அன்றோடு சரி.

பேச்சுத்தான் நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. இருவருக்கும் நடுவே ஒரு கையடக்க ஹார்டு டிஸ்க் தூது போனது. காலையில் தம்பி மாடிப்படித் திருப்பத்து ஜன்னல் மேடையில் அதை வைத்துவிட்டு ஒரு தடவை செருமுவான். அவன் இறங்கிப் போன சத்தம் கேட்ட பிறகு அக்கா வந்து எடுத்துக்கொள்வாள். மத்தியானம் வேலை முடிந்ததும் அதே மேடையில் திருப்பி வைப்பாள். சாயங்காலம் வெளி வேலையிலிருந்து வந்து அவன் எடுத்துக்கொள்வான். வளர்ந்த இரண்டு பேர் செய்கிற காரியமா என்று கேட்கிறீர்கள். நானும்தான் கேட்டுப் பார்த்தேன், இருவருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் எங்கே விட்டோம்? மாடியக்கா தண்ணீர் பிடிக்க இறங்கும்போது, தம்பி போனில் யாரிடமோ, "வெளியில கொடுத்துப் பாக்கலாமான்னு யோசிச்சிட்டிருக்கேன்" என்று சொன்னது அவள் காதில் விழுந்தது. குடத்தை அப்படியே வைத்துவிட்டு மேலே போனாள். வேலை வெளியே போய்விட்டால் அந்த ஹார்டு டிஸ்க் படியேறாது. டிஸ்க் படியேறாவிட்டால், மாடியில் ஒருத்தி இருக்கிறாள் என்பதை இந்த வீட்டில் யார், எதற்காக நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

அந்தப் பயத்தோடுதான் அவள் அன்று காலை செருமலுக்குக் காத்திருந்தாள்.

செருமல் வந்தது. செருப்புச் சத்தம் கீழே இறங்கியது. பைக் கிளம்பியது. ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ, சாயங்காலம்தான் வருவான். அவன் வருவதற்குள் ஒரு கல்யாண ஆல்பம் முடிந்தாக வேண்டும். ஆல்பம் அச்சடிக்கும் பிரஸ்ஸில் அவனுக்காக மெஷினை நிறுத்தி வைத்திருந்தார்கள். மாப்பிள்ளையும் பெண்ணும் மறுநாள் வெளிநாடு கிளம்புகிறார்கள், ஆல்பத்தோடு. பாதிக்கு மேல் அவள் முன்பே முடித்திருந்தாள். மிச்சத்தை முடித்துப் பக்கங்களைக் கோத்துக் கொடுத்தால் போதும்.

வயரைச் சொருகினாள். திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. இந்த டிஸ்க்கில் கோளாறு இருக்கலாம், சோதித்துச் சரிசெய்யட்டுமா என்றது.

மாடியக்கா பதறவில்லை. இந்த விஷயத்தில் அவள் பழம் தின்று கொட்டை போட்டவள். முதலில் வயரை மாற்றிப் பார்த்தாள். பிறகு சொருகும் இடத்தை மாற்றினாள். எச்சரிக்கை போகவில்லை. அப்படியானால் வயரும் இல்லை, இடமும் இல்லை. டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போதே யாரோ வெடுக்கென்று பிடுங்கியிருக்கிறார்கள். கழற்றப் போகிறேன் என்று கம்ப்யூட்டரில் சொல்லி, அது சரி என்ற பிறகு கழற்றுவது அவள் வழக்கம். தம்பிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவனாகத்தான் இருக்கும் என்று முணுமுணுத்துக்கொண்டே சோதனையை ஓடவிட்டாள்.

சோதனை முடிந்தது. நல்லவேளை, படங்கள் பிழைத்திருந்தன. ஆனாலும் அடிபட்ட டிஸ்க்கை நம்ப முடியாதென்று முழுக் கல்யாணத்தையும் தன் கம்ப்யூட்டரில் ஒரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள். அது நகல் ஆவதற்குள் டீ ஆறிப்போனது.

பிறகு எடிட்டிங் சாப்ட்வேரைத் திறந்தாள். திரை முழுக்கச் சின்னச் சின்னப் படங்கள், ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு கேள்விக்குறி. படம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். கல்யாணம் மொத்தமும் கிடைக்கவில்லை.

கம்ப்யூட்டர் பழக்கம் இல்லாத வாசகர்கள் பயப்பட வேண்டாம். அந்த சாப்ட்வேர் படங்களைத் தனக்குள் வைத்துக்கொள்வதில்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்ற விலாசத்தையும், அதில் என்னென்ன திருத்தம் செய்தோம் என்பதையும்தான் வைத்திருக்கும். வீடு மாறியதைத் தபால்காரரிடம் சொல்லாமல் போனால் என்ன ஆகுமோ, அதுதான் ஆகியிருந்தது. படங்கள் இடம் மாறியிருந்தன.

டிஸ்க்கைத் திறந்து நேராக உள்ளே பார்த்தாள். தம்பி போல்டர்களுக்குப் பெயர் வைக்கும் அழகு ஊரறிந்தது. 'கல்யாணம்', 'கல்யாணம் பைனல்', 'பைனல் புதுசு', 'இதுதான் பைனல்', 'இதைத் தொடாதே' என்று ஒரே கூத்தாக இருக்கும். இன்று அந்தக் கூத்து இல்லை. எல்லாம் வரிசை எண் போட்டு, பெண் வீடு, மாப்பிள்ளை வீடு, மண்டபம், குடும்பப் படங்கள், தனிப் படங்கள் என்று அடுக்கி வைத்தாற்போல் இருந்தன.

இந்த ஜென்மத்தில் அவள் தம்பி இப்படிப் பெயர் வைக்கிறவன் இல்லை. அப்படியானால் வேறு யாரோ.

புது போல்டர் எங்கே இருக்கிறது என்று சாப்ட்வேருக்குக் காட்டிக் கொடுத்தாள். கேள்விக்குறிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள், மறைந்த இடத்திலெல்லாம் ஆச்சரியக்குறிகள் முளைத்தன. ஒன்றின் மேல் அழுத்தினாள்.

இந்தப் படத்தின் திருத்தங்கள் வேறோர் இடத்தில் மாற்றப்பட்டிருக்கின்றன, டிஸ்க்கில் உள்ளதை எடுத்துக்கொள்ளட்டுமா, அல்லது உங்களுடையதை அதன்மேல் எழுதட்டுமா என்று கேட்டது. இரண்டு பொத்தான்கள். எதை அழுத்தினாலும் மற்றது போய்விடும்.

ஆக, தம்பி வெளியில் கொடுத்துப் பார்த்துவிட்டான். யோசிச்சிட்டிருக்கேன் என்று போனில் சொன்னதெல்லாம் சும்மா. தான் மத்தியானம் மேடையில் வைக்கிற டிஸ்க், தெரு முனையில் உட்கார்ந்திருக்கும் எவனோ ஒரு டிசைனர் கைக்குப் போய் வருகிறது. அந்த ஆள் அவளுடைய வேலையின் மேல் ஏறி உட்கார்ந்து வேலை செய்கிறான். அவளுக்கு ஆத்திரம்தான் வரவேண்டும். வரவில்லை. கூட்டத்தில் கையைப் பிடித்துக் கூட்டி வந்தவர் விட்டுவிட்டுப் போய்விட்டது போல் நெஞ்சு வெறிச்சென்று ஆனது.

தொழில்காரி அல்லவா, அந்த நேரத்திலும் அந்த டிசைனரின் லட்சணம் எப்படி என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. தன்னுடைய திருத்தங்களைத் தனியாகப் பத்திரப்படுத்திவிட்டு, டிஸ்க்கில் இருந்ததைத் திறந்தாள்.

பெண்ணின் கண்கள் டியூப்லைட் போல் எரிந்தன. அடுத்த படத்தில் மாப்பிள்ளையின் மாமா பிளாஸ்டிக் வாளி மாதிரி வழுவழுவென்று இருந்தார். இன்னொன்றில் பெண்ணின் தோழிக்குத் தலையைச் சுற்றி ஓர் ஒளிவட்டம். படத்தில் பின்னணியிலிருந்து முடியைப் பிரித்து வெட்டத் தெரியாமல் வெட்டினால் வருகிற வட்டம். மாடியக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கொஞ்சம் குரூரமான சிரிப்புத்தான், மறைப்பானேன். வாய்விட்டுச் சிரித்துவிட்டு, யாரிடமாவது காட்டலாம் என்று பக்கவாட்டில் திரும்பினாள். பக்கவாட்டில் பீரோதான் இருந்தது.

சிரிப்பு அடங்கியது. அவள் மேற்கொண்டு பார்த்துக்கொண்டே போனாள். போகப் போகக் கண்ணில் வெள்ளை குறைந்தது. தோல் தோலாகியது. யாராக இருந்தாலும் கற்றுக்கொள்கிற ஆள் என்று புரிந்தது. அதுவும் வேகமாக.

பிறகு அந்தப் படம் வந்தது.

மாப்பிள்ளையின் அம்மா. விருந்தெல்லாம் முடிந்து, கூட்டம் கலைந்த பிறகு, மண்டபத்து மூலையில் ஒரு நாற்காலியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். பின்னால் காலி நாற்காலிகள் ஒன்றின்மேல் ஒன்று. இதை மாடியக்காவும் திருத்தியிருந்தாள். நாற்காலிகளை அழித்து, இருட்டை நீக்கி, முகத்தைப் பளிச்சென்று ஆக்கி, செருப்பைக்கூட எடுத்துவிட்டிருந்தாள். அது சந்தோஷமான ஓர் அம்மாவின் படமாகிவிட்டது. இந்தக் கையோ எதையும் அழிக்கவில்லை. மண்டபத்தை இருட்டாகவே விட்டு, ஜன்னல் பக்கம் வந்த வெளிச்சத்தை மட்டும் அந்த முகத்தில் லேசாகக் கூட்டியிருந்தது. மகனுக்குக் கல்யாணம் செய்து வைத்துவிட்டு இனி வீட்டுக்குத் தனியாகப் போகவேண்டிய ஒருத்தி அங்கே இருந்தாள்.

மாடியக்கா தன் படத்தையும் இதையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். இது நன்றாக இருந்தது. தன்னுடையதைவிட நன்றாக இருந்தது. அதை ஒப்புக்கொள்ள அவளுக்கு வெகுநேரம் பிடித்தது.

அதற்கு மேல் உட்கார முடியவில்லை. எழுந்து கீழே போனாள். சண்டைக்குப் பிறகு கடைக்குள் காலெடுத்து வைப்பது அன்றுதான் முதல் தடவை.

கடையில் ஆளில்லை. மருந்துக்காரி மட்டும் கவுன்டரில் பாஸ்போர்ட் படங்களை வெட்டிக்கொண்டிருந்தாள். நாத்தனாரைக் கண்டதும் எழுந்து நின்றாள். தண்ணி வேணுமா அண்ணி என்று கேட்டாள். மாடியக்கா வேண்டாம் என்றாள். சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள், எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்தாள். அவன் எந்த டிசைனரிடம் படங்களைக் கொடுக்கிறான், எப்போதிலிருந்து கொடுக்கிறான், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானே ஒதுங்கியிருக்க மாட்டேனா என்று கேட்டாள். குரல் நடுங்கிவிடக் கூடாதென்று பார்த்தாள். நடுங்கிவிட்டது.

மருந்துக்காரி கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"வெளியாள் யாரும் இல்ல அண்ணி. நான்தான்."

மாடியக்காவுக்குச் சட்டென்று விளங்கவில்லை. மருந்துக்காரி விளக்கினாள். மாடியக்கா புதுக் கம்ப்யூட்டர் வாங்கியபோது பழைய லேப்டாப்பைக் கீழே கொடுத்தாள் அல்லவா, அதில் அந்த சாப்ட்வேர் அப்படியே இருந்தது. மத்தியானம் ஜன்னல் மேடைக்கு டிஸ்க் வந்ததும், கணவன் வருவதற்குள் எடுத்து வந்து அதில் போட்டுப் பார்ப்பாள். முதலில் பார்க்க மட்டும்தான். அண்ணி எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தானும் செய்ய ஆரம்பித்தாள். போல்டர் பெயர்கள் குப்பையாகக் கிடந்தது பார்க்கச் சகிக்கவில்லை. மருந்துக் கடையில் அலமாரியை அடுக்கிய கை, சும்மா இருக்குமா? நேற்றுத்தான் எல்லாவற்றையும் அடுக்கி, அதுவரை லேப்டாப்பில் மட்டும் வைத்திருந்த தன் திருத்தங்களையும் டிஸ்க்கில் ஏற்றி வைத்துவிட்டாள். உதவி செய்ததாகத்தான் நினைத்தாளாம்.

"டிஸ்க்கைப் பிடுங்கினது?"

"அவர் பைக் சத்தம் கேட்டுச்சு. வயரை உருவிக்கிட்டு ஓடினேன்."

மாடியக்கா தலையில் அடித்துக்கொண்டாள். பிடுங்கும் முன் கம்ப்யூட்டரில் சொல்லிவிட்டுத்தான் பிடுங்க வேண்டும், பெயர் மாற்றினால் மேலே என் தலையில் கேள்விக்குறி விழும், அடிப்படைகூடத் தெரியாமல் என்ன எடிட்டிங் என்று படபடவென்று பொரிந்தாள். மருந்துக்காரி ஒன்றும் தெரியாத பாப்பா போல் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். மாமாவை வாளியாக்கி வைத்திருக்கிறாயே என்றபோது இருவருக்கும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்துவிட்டது. இந்த வீட்டில் அவர்கள் இருவரும் சேர்ந்து சிரித்ததாக நான் இதுவரை ஓர் அத்தியாயத்திலும் எழுதியதில்லை.

சிரித்து முடித்ததும் மாடியக்கா கேட்டாள். எதற்காக இதெல்லாம்?

"பொழுது போகல அண்ணி." அவள் வெட்டிய படங்களைச் சேர்த்து அடுக்கினாள். "அவர் காலைல போனா சாயங்காலம் வரார். வர்றவங்க போட்டோவை வாங்கிட்டுப் போயிடறாங்க. பேசறதுக்கு ஆள் இல்ல."

"நான் மேலதானே இருக்கேன்?"

"நீங்க கதவைச் சாத்திக்கிட்டு இருக்கீங்களே."

மாடியக்காவுக்கு முகத்தில் அடித்தாற்போல் இருந்தது. கம்ப்யூட்டரில் தூசி படியக் கூடாதென்று அவள் கதவைச் சாத்தி வைப்பாள். கீழே இருந்து பார்க்கிறவளுக்கு அது சாத்திய கதவு என்பது இத்தனை வருஷத்தில் அவளுக்குத் தோன்றவே இல்லை. யாரும் மேலே வருவதில்லை என்று அவள் வருந்திய நாட்களிலெல்லாம் கீழே ஒருத்தி படிக்கட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

அவள் திரும்பும்போது மருந்துக்காரி கையைப் பிடித்துக்கொண்டாள். அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க என்று கெஞ்சினாள். மாடியக்கா சரி என்றாள். கண்ணுக்கு வெள்ளையடிக்கிறதை மட்டும் விட்டுவிடு என்று சொல்லிவிட்டு மேலே ஏறினாள்.

மிச்ச நேரமெல்லாம் வேலைதான். ஆச்சரியக்குறி விழுந்த படங்களுக்கெல்லாம் தன்னுடையதையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். ஒரே அழுத்தில் அந்தப் பெண்ணின் வாரக்கணக்கான மத்தியானங்கள் டிஸ்க்கிலிருந்து அழிந்தன. விரல் கொஞ்சம் தயங்கியது உண்மை. ஆனால் பிரஸ்ஸுக்குப் போகிற ஆல்பத்தில் மாமாவை வாளியாக அனுப்ப முடியாது.

மாப்பிள்ளையின் அம்மா படத்தில் மட்டும் அவள் நின்றுவிட்டாள். தன்னுடையதை வைத்தால் யாரும் குறை சொல்லப் போவதில்லை. இன்னொன்று இருந்தது என்பதே யாருக்கும் தெரியப் போவதில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, டிஸ்க்கில் உள்ளதை எடுத்துக்கொள் என்று அழுத்தினாள். பக்கங்களைக் கோத்துத் திரும்ப டிஸ்க்கில் ஏற்றினாள். இப்போது அது மறுக்காமல் வாங்கிக்கொண்டது.

சாயங்காலம் பைக் வந்து நின்றது. கூடவே தம்பியின் போனும் அலறிக்கொண்டு வந்தது. பிரஸ்காரர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அடிபட்ட டிஸ்க்கை ஜன்னல் மேடையில் வைக்க மாடியக்காவுக்கு மனமில்லை. இன்னொரு வெடுக்கென்ற பிடுங்கலை அது தாங்காது. கையிலேயே எடுத்துக்கொண்டு இறங்கினாள்.

கடைக்குள் அக்கா வந்து நிற்பதைப் பார்த்ததும் தம்பி பாதி கழற்றிய ஹெல்மெட்டோடு அப்படியே நின்றான். அவள் டிஸ்க்கைக் கடைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். அவன் உட்கார்ந்து ஆல்பத்தைப் பக்கம் பக்கமாகத் தள்ளினான். மருந்துக்காரி கவுன்டர் ஓரத்தில் துணியை வைத்துத் துடைத்த கண்ணாடியையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளையின் அம்மா படம் வந்ததும் அவன் கை நின்றது. முன்னுக்கு நகர்ந்து உட்கார்ந்தான்.

"இது ரொம்ப நல்லாயிருக்கு" என்றான். "நாற்காலியெல்லாம் அப்படியே விட்டிருக்கே. நான் எடுக்கும்போது அந்தம்மா இப்படித்தான் உட்கார்ந்திருந்தாங்க."

அவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னான். "நான் வெளியில கொடுக்கலாம்னு இருந்தேன். நீ இப்படிச் செஞ்சா எனக்கு வேற ஆளே வேணாம்."

இதோ, அவள் பயந்த பயமெல்லாம் ஒரு வாக்கியத்தில் தீர்ந்துவிட்டது. வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். வேலை நிலைக்கும், பேச்சு திரும்பும், மருந்துக்காரிக்குக் கொடுத்த வாக்கும் தப்பாது. ஒரு பொய்கூடச் சொல்ல வேண்டியதில்லை.

மாடியக்கா நிமிர்ந்து தம்பி மனைவியைப் பார்த்தாள். அவன் பாராட்டியபோது அந்த முகம் மலர்ந்திருந்தது. மலர்ந்ததை எங்கே வைப்பது, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் அப்படியே கீழே குனிந்துகொண்டது. காலையில் தனியாகச் சிரித்துவிட்டுப் பீரோவைப் பார்த்தவளுக்கு அந்தக் குனிதல் புரிந்தது. அவளால் தாங்க முடியவில்லை.

"அது நான் செஞ்சதில்லடா. உன் பொண்டாட்டி செஞ்சது."

துணி கண்ணாடியில் நின்றது. தம்பி அக்காவைப் பார்த்தான், மனைவியைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். நீயா, எப்போ, எதுல என்று கேள்விமேல் கேள்வி கேட்டான். மாடியக்காதான் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். கேட்கக் கேட்க அவனுக்கு முகமெல்லாம் சிரிப்பாகிவிட்டது. வீட்டுக்குள்ளேயே ஆளை வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடியிருக்கிறேனே என்று தொடையில் தட்டிக்கொண்டான். பிறகு அக்கா பக்கம் திரும்பினான். அவன் குரல் நன்றாகக் கனிந்திருந்தது.

"அப்ப இனிமே நீ கஷ்டப்பட வேணாம்க்கா. ரெஸ்ட் எடு. இவளே கீழ எல்லாத்தையும் பாத்துப்பா."

அக்கா என்ற வார்த்தை கடைசியில் வந்துவிட்டது. இத்தனை வாரமாக அவள் காத்திருந்த வார்த்தை. அவன் நல்ல மனதோடுதான் சொன்னான், அதில் சந்தேகமே இல்லை. சரிடா என்றாள். வேறென்ன சொல்வது?

"நான் கத்துக்கிட்டது இந்தக் கடைக்காக இல்லீங்க."

மருந்துக்காரி துணியை நாலாக மடித்துக் கவுன்டரில் வைத்துவிட்டுத்தான் இதைச் சொன்னாள். அவள் குரலை உயர்த்தவில்லை. தம்பி சிரிப்பு மாறாமலே, பின்னே எதுக்காம் என்று கேட்டான்.

"வெளியூர்ல ஒரு பெரிய ஸ்டூடியோ, எடிட்டிங்குக்கு ஆள் கேட்டிருந்தாங்க. நான் செஞ்சதுல கொஞ்சம் படம் அனுப்பியிருந்தேன். இந்தப் படமும்தான். நேத்து பதில் வந்துச்சு. வரச் சொல்லியிருக்காங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நான் போறேன்" என்றாள்.

தம்பியின் சிரிப்பு எங்கே வைத்தோம் என்று தெரியாத பொருள் போல் முகத்தில் கொஞ்ச நேரம் தடுமாறிவிட்டுக் காணாமல் போனது. அவன் அக்காவைப் பார்த்தான். இப்படிப்பட்ட நேரங்களில் பெரியவர்களைப் பார்ப்பார்களே, அந்தப் பார்வை. ரெஸ்ட் எடு என்று சொல்லி இன்னும் வாய் ஈரம் காயவில்லை.

மாடியக்காவுக்கு எல்லாம் ஒரு கணத்தில் ஓடியது. இவள் போய்விட்டால் வேலை தன்னிடமே திரும்பி வரும். மறுபடியும் ஜன்னல் மேடை, செருமல், செருப்புச் சத்தம். அவளுக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். ஆனால் மனதில் வந்ததெல்லாம், இன்றைக்குத்தானே இவளோடு பேசினேன் என்பதுதான்.

"எப்போ கிளம்பறே?" என்று கேட்டாள்.

மருந்துக்காரி அவள் பக்கம் திரும்பினாள். கணவனிடம் பேசும்போது இருந்த உறுதி இப்போது குரலில் இல்லை. கேட்கலாமா கூடாதா என்று தயங்கித்தான் கேட்டாள்.

"நீங்களும் வரீங்களா அண்ணி?"

தம்பி ஏதோ சொன்னான். போன் மறுபடி அடித்தது. மாடியக்காவுக்கு எதுவும் காதில் விழவில்லை. அவளை யாராவது எங்கேயாவது கூட வரச் சொல்லிக் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாகியிருந்தது. அதற்கு எப்படிப் பதில் சொல்வார்கள் என்பதே அவளுக்கு மறந்து போயிருந்தது.